மஞ்சள் பஸ்ஸுக்குப் பொறுப்பு யார்?

பள்ளி திறக்கும் வாரத்தில் கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: "நம்ம தாமான் பக்கம் வர்ற பஸ் அங்கிள் நம்பர் யாருகிட்டயாவது இருக்கா?" சற்று நேரத்தில் இரண்டு மூன்று எண்கள் வந்துவிடும். ஒருவரைக் கூப்பிட்டு, காலையில் எத்தனை மணிக்கு வருவார், மாதம் எவ்வளவு என்று பேசி, முதல் மாதப் பணத்தையும் அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது. வண்டி எண் தெரியாது, ஓட்டப்போகிறவரின் முழுப்பெயர் தெரியாது, எழுத்தில் ஒரு வரியும் கிடையாது. கைப்பேசி வாங்கினால்கூட ரசீதைப் பத்திரப்படுத்துகிறோம். பிள்ளையை அனுப்பும் வண்டிக்கு மட்டும் வாய்ப்பேச்சு போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இதற்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: பஸ் பள்ளி வாசலில் நிற்கிறது, தலைமையாசிரியருக்குத் தெரியும், ஆகவே பள்ளி பார்த்துக்கொள்ளும். உண்மை நிலை வேறு. மலேசியாவில் பெரும்பாலான பள்ளிப் பேருந்துகள் தனியாருடையவை. அவை பள்ளியின் சொத்தும் அல்ல, கல்வி அமைச்சின் சொத்தும் அல்ல. பெற்றோரும் பஸ் உரிமையாளரும் நேரடியாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு அது. பணம் கொடுக்கும் நீங்கள்தான் அதில் ஒரு தரப்பு. வண்டியின் தாள்களைக் காட்டச் சொல்லும் உரிமையும், சரியில்லை என்றால் புகார் கொடுக்கும் பொறுப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோருக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல, தோட்டத்து லயங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய பிறகு குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்கும் தாமான்களுக்கும் சிதறிப்போயின. இன்று காப்பாரிலோ மேருவிலோ இருக்கும் பிள்ளை, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள தேசியப்பள்ளியைத் தாண்டித்தான் பல வேளைகளில் தன் தமிழ்ப்பள்ளிக்குப் போகிறது. பஸ்ஸோ வேனோ இல்லையென்றால் அந்தப் பள்ளியில் சேர்ப்பதே பல குடும்பங்களுக்கு முடியாத காரியம். இப்படி வேறு வழியில்லாத இடத்தில்தான், வந்த வண்டியில் ஏற்றிவிடும் பழக்கமும் வளர்கிறது.

என்னென்ன கேட்க வேண்டும்? முதலில் உரிமம். 2010ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கூலிக்கு மாணவர்களை ஏற்றும் பஸ்ஸுக்கும் வேனுக்கும் உரிமம் வேண்டும். தீபகற்பத்தில் முன்பு ஸ்பாட் ஆணையம் இதைக் கவனித்தது. 2019 முதல் போக்குவரத்து அமைச்சின்கீழ் உள்ள அப்பாட் எனப்படும் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம் கவனிக்கிறது. அடுத்தது வண்டியின் சாலை வரி, காப்புறுதி, கடைசிச் சோதனை முடிவு. மூன்றாவது ஓட்டுநரின் பிஎஸ்வி, அதாவது பொதுச் சேவை வாகனம் ஓட்டும் உரிமம். வெறும் கார் லைசென்ஸ் வைத்துக்கொண்டு பள்ளிப் பேருந்து ஓட்டக்கூடாது. பிஎஸ்வி வாங்க மருத்துவப் பரிசோதனையும் உண்டு. நேர்மையாகத் தொழில் செய்பவர் இவற்றைக் கைப்பேசியில் படமாகவே வைத்திருப்பார். கேட்டால் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அதுவே ஒரு பதில்தான்.

உரிமத்தைப் பார்க்கும்போது அது யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். இது ஏன் முக்கியம் என்பதை 2025 ஜூன் 9 அன்று நாடே பார்த்தது. கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களை ஏற்றிவந்த பஸ் கவிழ்ந்து 15 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அது பள்ளிப் பேருந்து அல்ல, வாடகைக்கு எடுத்த பஸ். ஆனால் விசாரணையில் வெளிவந்தவை எல்லா பஸ்களுக்கும் பொருந்தும். இறக்கத்தில் பஸ் மணிக்கு 117.9 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. அதைவிட உறுத்தும் செய்தி, உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று, வண்டியை நடத்தியது இன்னொன்று. உரிமத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். உரிமம் ரத்தானது உண்மைதான், ஆனால் அது விபத்துக்குப் பிறகு. பெர்மிட்டில் ஒரு பெயர், மாதப் பணம் போகும் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயர், ஓட்டுபவர் மூன்றாமவர் என்றால், ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். மனைவி பெயரில் கணக்கு என்பதுபோல சாதாரணக் காரணமாகவும் இருக்கலாம். விபத்து நடந்த பிறகு அந்தக் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

கெரிக் துயரத்துக்குப் பிறகு, 2025 ஜூலை 1 முதல், விரைவு பஸ்களிலும் சுற்றுலா பஸ்களிலும் பயணிகள் இருக்கை வார் அணியாவிட்டால் 300 வெள்ளி அபராதம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதி பேசுவது அந்த இரண்டு வகை பஸ்களைப் பற்றித்தான். பள்ளி பஸ்ஸில் வார் இருக்கிறதா, இருந்தால் அது பூட்டுகிறதா, பிள்ளை போட்டுக்கொள்கிறதா என்பதையெல்லாம் நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது உரிமமே இல்லாத வேன்கள். மலாய்க்காரர்கள் 'சாப்பு' என்று சொல்லும் வகை. நம் பகுதிகளில் இதை ஓட்டுபவர்கள் பெரும்பாலும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள்: வேலை ஓய்வு பெற்ற மாமா, பக்கத்து வீட்டு அக்கா, கோயிலில் பார்க்கும் அண்ணன். நல்லவர்களாகவும் இருப்பார்கள், நேரத்துக்கும் வருவார்கள். சிக்கல் அவர்களின் குணத்தில் இல்லை, காப்புறுதியில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்கு ஆள் ஏற்றுவதைப் பொதுவாகச் சேர்த்துக்கொள்வதில்லை. அந்த வேன் மோதி பிள்ளைக்குக் கால் முறிந்தால், காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்கும் கேள்வி, மாதாமாதம் பணம் வாங்கினாரா என்பது. ஆமாம் என்ற பதிலில் இழப்பீடு சிக்கிக்கொள்ளும். தெரிந்தவர் என்பதால் வழக்குப் போடவும் மனம் வராது. போட்டாலும் கொடுக்க அவரிடம் என்ன இருக்கும்? வண்டியில் மஞ்சள் பூசி, 'பாஸ் செகோலா' என்று எழுதியிருப்பதையும் உரிமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உரிமம் இருந்தால் வண்டி நன்றாக இருக்கிறது என்று பொருளா? அப்படியும் இல்லை. வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனைக்குப் போக வேண்டும். 1994 முதல் புஸ்பாகோம் இதைச் செய்துவருகிறது. அதன் தனியுரிமை 2024 ஆகஸ்டோடு முடிந்து, மற்ற நிறுவனங்களுக்கும் வழி திறக்கப்பட்டிருக்கிறது. யார் சோதித்தாலும் அது அந்த ஒருநாள் நிலவரம். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டிச் சோதனையில் தேறி, வெளியே வந்ததும் பழையதை மாட்டிக்கொள்ளும் கதையைக் கேட்காத போர்மேன் கிள்ளானில் இருக்க மாட்டார். சோதனை முடிந்து அடுத்த சோதனை வரை வண்டி காலையும் மதியமும் ஓடுகிறது. அந்த இடைவெளியில்தான் பிரேக் தேய்கிறது.

இதற்கு மறக்க முடியாத சான்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 2012 ஜூலை 25 அன்று தாம்பரத்தை அடுத்த பகுதியில், பள்ளிப் பேருந்தின் தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியாக ஒரு சிறுமி கீழே விழுந்து அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி இறந்தாள். தகுதிச் சான்று இருந்த வண்டி அது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகளைத் தமிழக அரசு கொண்டுவந்தது. இன்றும் ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அங்கே பள்ளி பஸ்களை மைதானத்தில் வரிசையாக நிறுத்தி அதிகாரிகள் ஏறிப் பார்க்கிறார்கள். ஆனால் அந்த ஓட்டை ஒரே நாளில் விழுந்திருக்க முடியாது. அதன்மேல் கால் வைத்து இறங்கிய பிள்ளைகளில் யாராவது ஒருவர் வீட்டில் சொல்லியிருக்கவும் கூடும்.

ஆகவே பிள்ளையிடம் கேளுங்கள். தரையில் ஓட்டை இருக்கிறதா, மழை பெய்தால் உள்ளே ஒழுகுகிறதா, கடைசி இருக்கைக்குப் பக்கத்தில் உள்ள அவசரக் கதவுக்கு முன்னால் பைகள் குவிந்திருக்கின்றனவா, நின்றுகொண்டு வருகிறார்களா? பயணிகள் எத்தனை பேர் என்ற அனுமதி எண் வண்டியின் பக்கவாட்டில் எழுதப்பட்டிருக்கும். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல வீட்டுப்பாடம். நீங்கள் ஒருநாள் வாசலில் நின்று டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே ஓடக்கூடாது. அந்த அளவுக்குத் தேயும்போது டயரின் பள்ளத்துக்குள் உள்ள சிறு மேடு, மேற்பரப்போடு சமமாகிவிடும். அளவுகோல் எதுவும் தேவையில்லை.

பிரேக்கை வெளியிலிருந்து பார்க்க முடியாது, ஆனால் கேட்க முடியும். இரும்போடு இரும்பு உரசும் கிரீச்சொலி, நிறுத்தும்போது வண்டி ஒரு பக்கம் இழுப்பது, ஓட்டுநர் மிதியை இரண்டு மூன்று முறை குத்துவது, இவையெல்லாம் அறிகுறிகள். பெரிய பஸ்களில் காற்றழுத்த பிரேக். காற்றுக் கசிவு இருந்தால் காலையில் அழுத்தம் ஏற நெடுநேரம் பிடிக்கும். அவசரத்தில் அதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள். 2013 ஆகஸ்டில் கெந்திங் மலைச்சாலையில் பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரைக் குடித்த பஸ் விபத்துக்குப் பிறகு, மலை இறக்கம் என்றாலே எல்லாருக்கும் பிரேக் நினைவு வருகிறது. கிள்ளான் சமவெளிதானே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். போர்ட் கிள்ளானிலிருந்து வரும் கொள்கலன் லாரிகளுக்கு நடுவே, நூறு மீட்டருக்கு ஒருமுறை நின்று நின்று போகும் காலை நெரிசலில் பிரேக் வேகமாகவே தேயும்.

இங்கே பெற்றோருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பிரேக் லைனிங்கும் டயரும் போர்மேன் கூலியும் நாம் கொடுக்கும் மாதப் பணத்திலிருந்துதான் வர வேண்டும். பத்து வெள்ளி குறைத்துப் பேசியதைப் பெருமையாகச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பத்து வெள்ளியை உரிமையாளர் தன் சாப்பாட்டிலிருந்து குறைக்க மாட்டார். பட்டறைக்குப் போகும் நாளைத்தான் தள்ளிப்போடுவார். அதே சமயம், டீசல் ஏறிவிட்டது என்ற காரணத்தையும் அப்படியே விழுங்க வேண்டியதில்லை. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு உயர்ந்தபோது, பள்ளி பஸ் உள்ளிட்ட பொதுப் போக்குவரத்து வாகனங்கள் பதிவு செய்துகொண்டு உதவித்தொகைத் திட்டத்தில் 1.88 வெள்ளிக்கு டீசல் வாங்க வழி வைத்திருந்தார்கள். முறையாக உரிமம் எடுத்தவருக்கான சலுகை அது. கட்டணத்தை உயர்த்தினால் எதற்காக என்று கேளுங்கள். நான்கு டயர் மாற்றினேன், பில் இதோ என்று காட்டுபவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுங்கள்.

ஒரே பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டால் பாதிப் பிரச்சினை வராது. வண்டி எண், உரிமம் யார் பெயரில், ஓட்டுநர் யார், வண்டி பழுதானால் எந்த வண்டி வரும், பிள்ளையை எங்கே இறக்குவார், அம்மா இல்லையென்றால் யாரிடம் ஒப்படைப்பார், விடுமுறை மாதத்துக்கு முழுப்பணமா பாதியா, நடுவில் நின்றால் முன்பணம் திரும்ப வருமா, இவ்வளவு போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு மாதிரித் தாளைத் தயாரித்துக் கொடுத்தால் தனித்தனியாகக் கேட்கும் சங்கடமும் இருக்காது.

இனி புகை. பராமரிப்பும் சுற்றுச்சூழலும் தனித்தனித் தலைப்புகள் என்று நினைக்கிறோம். பஸ்ஸின் பின்னால் நின்றால் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். கரும்புகை என்றால் டீசல் முழுதாக எரியவில்லை: காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இன்ஜெக்டர் கெட்டிருக்கலாம், ஆள் அதிகமாக ஏற்றியிருக்கலாம். நீலப்புகை என்றால் இயந்திரம் தன் கறுப்பு எண்ணெயையே எரிக்கிறது. 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்தது. 2003இல் கலிபோர்னியாவில் வெளியான ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: பஸ் விடும் புகையில் ஒரு பங்கு அதே பஸ்ஸுக்குள் திரும்பி வருகிறது. அப்படியானால் அதை முதலில் சுவாசிப்பது உள்ளே இருக்கும் பிள்ளைகள்தான்.

மலேசியாவில் 2021 முதல் விற்கும் யூரோ 5 டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்குப் பத்துப் பங்குதான். எண்ணெய் சுத்தமாகிவிட்டது, இருபது வருஷத்து இயந்திரம் அப்படியேதான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டு விதிகளின்படி டீசல் வண்டியின் புகைக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு (புகையின் அடர்த்தியைக் குறிக்கும் அளவு) என்ற வரம்பு உண்டு. சுற்றுச்சூழல் துறை சாலையோரத்தில் நிறுத்திச் சோதிக்கிறது. பள்ளி வாசலில் அரைமணி நேரம் இன்ஜினை ஓடவிட்டே நிற்கும் பஸ்களுக்கு ஏர்கோன் ஒரு காரணம். அணைத்தால் திரும்ப ஸ்டார்ட் ஆகாதோ என்ற பயம் இன்னொரு காரணம். இன்ஜினை அணைக்கவே மாட்டேன் என்கிற ஓட்டுநர், தன் பேட்டரியின் நிலையை உங்களிடம் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழிவு எண்ணெய் பற்றி யாரும் பேசுவதில்லை. மாற்றிய கறுப்பு எண்ணெய், 2005ஆம் ஆண்டு விதிகளின்கீழ் அட்டவணைக் கழிவு. எஸ்டபிள்யூ 305 என்பது அதன் குறியீடு. உரிமம் பெற்றவர்தான் அதை எடுத்துச்செல்ல வேண்டும். பழைய பேட்டரிக்கும் இதே கதிதான். வீட்டு வாசலிலேயே எண்ணெய் மாற்றிச் சாக்கடையில் ஊற்றினால் அது ஆற்றுக்குத்தான் போகும். பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடும் ஆறுதான் கிள்ளான் நகரைக் கடந்து கடலில் சேர்கிறது. நான்கைந்து பஸ் வைத்திருப்பவர் எண்ணெயை ஒரே பட்டறையில் மாற்றி, அங்கேயே ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வதே எளிது.

வண்டியின் நிலையோடு ஓட்டுநரின் கவனமும் முக்கியம். வண்டியில் தூங்கிப்போன பிள்ளையை விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவது நம் வெயிலுக்கு உயிர் போகும் ஆபத்து. பூட்டுமுன் கடைசி இருக்கை வரை நடந்து பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. பிள்ளையைத் தகுந்த கண்காணிப்பில்லாமல் விட்டுச்செல்வது 2001ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவின்படி குற்றம். அந்த நேரத்தில் பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவரையும் அது கட்டுப்படுத்தும். பிள்ளை வராத நாளில் காலையிலேயே பஸ் அங்கிளுக்குச் செய்தி அனுப்புங்கள். செய்தி இல்லாமல் ஏறாத பிள்ளையைப் பற்றி அவர் உங்களைக் கேட்க வேண்டும் என்றும் பேசிவையுங்கள்.

புகார் எங்கே கொடுப்பது? உரிமம் பற்றியது அப்பாட்டுக்கு. வண்டியின் நிலை, ஓட்டுநர் லைசென்ஸ், ஆபத்தான ஓட்டம் ஆகியவை சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேக்கு. புகை சுற்றுச்சூழல் துறைக்கு. நாள், நேரம், இடம், வண்டி எண், தெளிவான ஒரு படம் இருந்தால்தான் அதிகாரி எதையாவது செய்ய முடியும். கோபத்தில் பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளியை டிக்டாக்கில் போடுவதால் பஸ்ஸின் பிரேக் சரியாவதில்லை. முதலில் உரிமையாளருக்கே எழுத்தில் சொல்லுங்கள். திருந்தினால் நல்லது, திருந்தாவிட்டால் அந்தச் செய்தியே புகாருக்கு ஆதாரம்.

பணத் தகராறுக்கு மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல் போனவர், சொன்ன வண்டிக்குப் பதில் வேறு வண்டி அனுப்பியவர் மீது அங்கே போகலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. உடற்காயம், மரணம் தொடர்பான கோரிக்கையை அது எடுத்துக்கொள்ளாது.

விபத்து என்றால் வழி வேறு. போலீஸ் புகாரை 24 மணி நேரத்துக்குள் ஓட்டுநர் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் கொடுத்தார் என்று நம்பி விட்டுவிடாமல் நீங்களும் கொடுங்கள். காயம் சிறிதாகத் தெரிந்தாலும் மருத்துவமனைப் பதிவு அவசியம். தலையில் அடிபட்டது மறுநாள் கூடத் தெரியலாம். இழப்பீட்டு வழக்குக்குத் தீபகற்பத்தில் பொதுவாக ஆறு ஆண்டு காலம் உண்டு. 18 வயது நிரம்பாத பிள்ளைக்கு அந்தக் காலம் 18க்குப் பிறகே ஓடத் தொடங்கும். மரணம் என்றால் குடும்பத்தாருக்கு மூன்று ஆண்டுதான். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவித் துறையை அணுகலாம். இதற்கிடையே, உரிமையாளரோ அவர் சார்பில் யாரோ ஒரு தொகையோடு வீட்டுக்கு வந்து, இத்தோடு முடித்துக்கொள்வோம் என்று ஒரு தாளை நீட்டக்கூடும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். பிள்ளையின் சார்பில் நடக்கும் வழக்கைச் சமரசம் செய்ய, பெற்றவர்களின் சம்மதத்தோடு நீதிமன்றத்தின் ஒப்புதலும் வேண்டும்.